சீர்வரிசையில் ஒரு மூட்டை

குடவாசல்
20.1.2025

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடிக்கும் முருங்கை மரத்துக்கும் இடையே பொங்கல் முதல் இருந்துவரும் சாக்கு மூட்டையை அப்புறப்படுத்துவது குறித்து, இன்று காலை குடும்பத்தார் அனைவரும் கூடி ஆலோசித்தோம். நான் தலைமை வகித்தேன். என் மனைவி மாலதி, "இதுக்கெல்லாமா கூட்டம் போடுவாங்க, அடுப்புல குழம்பு கொதிக்குது" என்று வெளிநடப்புச் செய்தாள். மகன் செந்தில்குமார் நடுநிலை வகித்தான். மருமகள் வானதி எதிர்த்தாள். ஆகவே மூட்டையை வேலிக்கு வெளியே வைப்பது என ஏகமனதாக முடிவாயிற்று. இன்று பகலே அது நிறைவேற்றப்பட்டது.

இதன் காரணம் தங்களுக்குத் தெரிந்ததே. ஆயினும் எழுத்தில் இருப்பது நல்லது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாய்ப்பேச்சை நம்பியதில்லை. மேலும், அன்று மாலை தொலைபேசியில் நான் விளக்கம் கேட்டபோது தாங்கள் "வெச்சிடறேன்" என்று சொல்லி, சொன்னபடியே வைத்துவிட்டீர்கள். எனவே இனி எல்லாம் தபாலில்.

தங்கள் வீட்டிலிருந்து தலைப்பொங்கல் சீர் வந்தபோது என் உறவினர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், வாழைத்தார் எல்லாம் முறைப்படி வந்தன. குறை சொல்வதற்கில்லை. கடைசியாக ஒரு மூட்டை இறங்கியது. நான்கு பக்கமும் குங்குமப் பொட்டு. வாயில் மஞ்சள் கயிறு. குத்தாலத்திலிருந்து வந்திருந்த என் அக்கா, வயதில் மூத்தவர் என்ற முறையில் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. "எள்ளுப் பொடிடா தம்பி! மூட்டையாவே அனுப்பிருக்காங்க பாரு!" என்று மகிழ்ந்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

பிறகு நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. மாலதியின் தம்பி மட்டும், "சம்பந்தி வீட்ல ஒண்ணு விடல அத்தான், வாசலக்கூடப் பெருக்கி அள்ளிக் குடுத்துட்டாங்க" என்றார். கூடமே சிரித்தது. இந்த ஊரில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. என் பின்னால் சிரித்திருக்கலாம். அது வேறு.

குப்பையைச் சீராக அனுப்பியதற்கான விளக்கத்தையும் வருத்தத்தையும், அதே உறவினர்களுக்குப் படித்துக் காட்டத் தக்க விதத்தில் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அது வரும் வரை, வளைகாப்புக்குப் பிறகு வானதியைப் பிரசவத்துக்குப் பூதலூர் அனுப்பும் விஷயம் நிலுவையில் வைக்கப்படுகிறது.

இப்படிக்கு,
அமிர்தலிங்கம்
செயலாளர் (ஓய்வு)


பூதலூர்
27.1.2025

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு தபால்காரர், "கோர்ட் விஷயமா டீச்சர்?" என்று கேட்டார். "இல்லப்பா, சம்பந்தி" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

குப்பை என்று எழுதியிருக்கிறீர்கள். குப்பை என்பது தினமும் சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் பெருக்கிக் கொளுத்துவது. அந்தப் புகையில் நீங்களும் இருமி, பக்கத்து வீட்டு அப்சரையும் இரும வைப்பது. கல்யாணம் பேச வந்தபோதே பார்த்தேன். ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் அனுப்பியது கம்போஸ்ட். என் தோட்டத்து சிமெண்ட் உறைத் தொட்டியில், அடியில் சருகு, மேலே காய்கறித் தோல், அதற்கு மேல் வைக்கோல், ஒரு தெளிப்புச் சாணிக் கரைசல், புளித்த மோர் என்று அடுக்கடுக்காகப் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை கிளறிக் கிளறி, ஆடியில் ஆரம்பித்தது மார்கழியில்தான் பதத்துக்கு வந்தது. அதற்கு நாற்றம் கிடையாது. முதல் மழை விழுந்த மண் மாதிரி ஒரு வாசனை உண்டு. அதனால்தான் உங்கள் அக்காவுக்கு அது சாப்பாட்டுச் சாமானாகத் தெரிந்திருக்கிறது. இதை அந்த உரத்துக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மூட்டைக்குப் பொட்டு ஏன் வைத்தேன் என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். பண்டிகை நாளில் வீட்டை விட்டுப் போகும் எதற்கும் பொட்டு வைத்து அனுப்புவது என் வழக்கம். ஆயுத பூஜைக்கு என் கிரைண்டருக்கும் பொட்டு வைக்கிறேன். இதுவரை யாரும் அதை நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை.

அதை அனுப்பச் சொன்னதே வானதிதான். "அம்மா, இங்க மண்ணு ஒரே களி. வெயில் அடிச்சா வெடிக்குது, தண்ணி ஊத்தினா பிசினு மாதிரி ஒட்டுது. ஒரு கீரை தலை தூக்க மாட்டேங்குது. நம்ம தொட்டிலேர்ந்து ஒரு மூட்டை அனுப்பு" என்றாள். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்தத் தொட்டியைக் கிளறியவள் அவள். நான் பெண்ணுக்கு நகை போட்டேன், பாத்திரம் கொடுத்தேன். அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றைத்தான். அதைத்தான் நீங்கள் தலைமை வகித்து வேலிக்கு வெளியே வைத்திருக்கிறீர்கள்.

வருத்தம் தெரிவிக்கச் சொல்கிறீர்கள். வருத்தம் எதற்கும் இல்லை. உங்கள் அக்காவை மட்டும் வாய் கொப்பளித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வானதி என் ஒரே பெண். அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு குரல் கேட்டதில்லை. அவள் வருவதற்காகத் தெற்கு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதை நிலுவையில் வைக்க அது ஒன்றும் உங்கள் சங்கத்துப் பயிர்க்கடன் இல்லை.

மங்களாம்பிகை


குடவாசல்
24.2.2025

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் விளக்கம் இருந்தது, வருத்தம் இல்லை. எனவே அதை உறவினர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. கிரைண்டர் பற்றிய வரியை மட்டும் மாலதி எடுத்துப் படித்துவிட்டு ஒரு நாள் முழுதும் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். இதனால் ஏற்பட்ட மனவருத்தத்துக்கான பொறுப்பு தங்களையே சாரும்.

பிற்சேர்க்கையாக நடந்தவை வருமாறு. மூட்டை வெளியே வைக்கப்பட்ட மறுநாளே வானதி அதைத் தானே இழுத்து உள்ளே கொண்டுவந்துவிட்டாள். கர்ப்பிணிப் பெண் மூட்டை இழுக்கலாமா என்று செந்தில்குமாரைக் கண்டித்தேன். "நான்தான்ப்பா இழுத்தேன், அவ வழி காட்டினா" என்றான். என் மகன் என் முடிவுக்கு எதிராக ஒரு மூட்டையை இழுத்தது இதுவே முதல் முறை.

அடுத்து ஒரு பிளாஸ்டிக் டிரம் வந்தது. சுற்றிலும் ஓட்டை போட்டாள். தங்கள் மூட்டையிலிருந்து கால்வாசியை, தயிருக்கு உறை ஊற்றுவதுபோல், அதில் தாய் உரமாகப் போட்டாள். மீதியைக் கீரைப் பாத்திக்குப் போட்டாள். அன்றிலிருந்து என் வீட்டுச் சமையலறையில் வாழைப்பழத் தோலுக்கு ஒரு டப்பா, முட்டை ஓட்டுக்கு ஒரு டப்பா. நான் டீ குடித்துவிட்டு வடிகட்டியைத் தட்டப் போனால் கையை நீட்டுகிறாள்.

"மாமா, அதக் கொட்டாதீங்க, இங்க குடுங்க."

"ஏம்மா, நான் குடிச்ச டீயில எனக்கு உரிமை இல்லையா?"

"டீ உங்களுது மாமா. தூளு தொட்டிக்கு."

ஒரு வீட்டில் ஒரு காரியம் நடந்தால் அது குடும்பத் தலைவர் மேற்பார்வையில் நடப்பதே ஒழுங்கு. எனவே டிரம்மின் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்ட இரண்டாம் நாள் காலை மூடியைத் திறந்தபோது உள்ளிருந்து ஆவி கிளம்பியது. கையை வைத்தால் சுட்டது. தங்கள் பொருள் என் வீட்டில் தீப்பிடிக்கும் நிலையில் இருந்ததை உணர்ந்து, கிணற்றிலிருந்து இறைத்துக் குடம் குடமாக ஊற்றி அணைத்தேன். மறுநாள் மீண்டும் வெந்நீர் போல் இருந்தது. மீண்டும் அணைத்தேன்.

அதற்கடுத்த வாரம் கிளம்பிய நாற்றத்தை விவரிக்க என்னிடம் தமிழ் இல்லை. அப்சர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன சார், எலி செத்துருச்சா?" என்று கேட்டார். மறுநாள், "எத்தன எலி சார்?" என்றார். எனவே ஒரு பாட்டில் பினாயில் ஊற்றினேன். வேகமாக மக்கட்டும் என்று கையோடு யூரியாவும் போட்டேன். இப்போது பினாயிலும் நாறுகிறது.

வானதிக்கு இந்த நாற்றத்தில் வாந்தி நிற்கவில்லை. வருகிறபோது எள்ளுப் பொடி போல் இருந்த பொருளுக்குள் என்ன கிருமியை வைத்து அனுப்பினீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

அமிர்தலிங்கம்


பூதலூர்
3.3.2025

சம்பந்தி அவர்களுக்கு,

தெரிவிக்கிறேன். அந்த மூட்டையில் கோடிக்கணக்கான கிருமிகள் இருந்தன. அத்தனையும் நல்லவை. அவற்றை நீங்கள் முதலில் தண்ணீரில் மூழ்கடித்தீர்கள். தப்பித்தவற்றைப் பினாயில் ஊற்றிக் கொன்றீர்கள்.

கம்போஸ்ட் சுடும். சுட வேண்டும். உள்ளே வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இதை ஏழாம் வகுப்புப் பெண்கள் ஒரு பாடவேளையில் புரிந்துகொள்வார்கள். கடைசி பெஞ்சுக்கு மட்டும் இரண்டாவது தடவை சொல்வேன். உங்களுக்கும் சொல்கிறேன். ஈரம் ஒரு பங்கென்றால் காய்ந்தது இரண்டு பங்கு போட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு விழலாம், ஓடக் கூடாது. காற்றில்லாமல் தண்ணீரில் கிடந்தால் அழுகும். அழுகினால் நாறும். எலியை ஏன் இழுக்கிறீர்கள்?

காய்ந்ததற்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். அறுவடை முடிந்து உங்கள் ஊர் வயலெல்லாம் வைக்கோல். மிஷினில் அறுத்து, உருட்டி, லாரி லாரியாக வெளியூருக்கு ஏற்றுகிறார்கள். ஒரு டிரம்முக்கு ஒரு கட்டு வாங்க உங்களால் முடியவில்லை. வாசலில் விழும் மாவிலையைக் கொளுத்தத் தெரிகிறது, அதைத் தூக்கிக் கொல்லையில் போடத் தெரியவில்லை. பினாயில் ஊற்றியதை வெளியே எடுத்து வெயிலில் பரப்பி ஆற விட்டு, பிறகு வைக்கோல் கலந்து புதிதாக ஆரம்பிக்க வேண்டும். யார் செய்தாலும் வானதி கிளறக் கூடாது. யூரியாவை உங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். சங்கத்து உரத்தைப் பூட்டித்தான் பழக்கமாயிற்றே.

என் பெண் வாந்தி எடுக்கிறாள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அதற்கு மேல் எலியைப் பற்றி ஒரு பத்தி எழுத உங்களால் எப்படி முடிந்தது? எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தை இரண்டு தடவை கிழித்துப் போட்டு இப்போது மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். ஃபோனில் அவளைக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, அஞ்சு மாசம் வரைக்கும் எல்லாருக்கும் வர்றதுதான். நீயும் மாமாவும் கடிதாசி எழுதறத நிறுத்தினா பாதி வாந்தி நின்னுடும்" என்கிறாள். உங்களை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். அப்படித்தான் வளர்த்தேன். இப்போது அது எனக்கே இடைஞ்சலாக இருக்கிறது.

நாற்றம் தாங்கவில்லையென்றால் அவளை அனுப்புங்கள். வளைகாப்பு வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே அனுப்புங்கள்.

மங்களாம்பிகை


குடவாசல்
28.4.2025

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தின் கோரிக்கைப் பகுதி நிராகரிக்கப்பட்டது. தொழில்நுட்பப் பகுதி பரிசீலிக்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் நான் வைக்கோல் பற்றிய ஒரு முடிவுக்கு வந்தேன். தங்கள் கடிதம் கிடைப்பதற்கு முந்தைய நாளே வந்துவிட்டேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளவும். நான் நாற்காலியில் அமர்ந்து யோசனை சொல்ல, செந்தில்குமார் கிளற, வானதி தூர நின்று, "இன்னும் கொஞ்சம் சருகு", "போதும்", "மாமாவக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க, கால் படுது" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். சித்திரை பிறந்தபோது டிரம்முக்குள் கறுப்பாக, பொலபொலவென்று ஒரு பொருள் உருவாகியிருந்தது. அதற்கு நாற்றமில்லை. என் மிளகாய்ச் செடி இத்தனை வருடம் ஆள் உயரம் வளர்ந்து ஒரு காய் காய்க்காமல் நின்றது. அடியில் இதில் ஒரு பிடி வைத்தேன். இப்போது தெருவுக்கே காய் கொடுக்கிறோம்.

செய்தி பரவிவிட்டது. சென்ற வாரம் ஓய்வூதியர் சங்கத்தில் "கழிவும் நிர்வாகமும்" என்ற தலைப்பில் பேச அழைத்தார்கள். பேசினேன். யூடியூபில் விவசாயம் போடும் ஒருவர் வந்து என்னை டிரம்முக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். "இதோட ரகசியம் என்ன சார்?" என்றார். "கட்டுப்பாடு" என்றேன்.

தாங்கள் தொலைபேசியில் வானதியிடம், "என் மூட்டைதான் அவருக்கு மூலதனம்" என்று சொன்னதாக அறிகிறேன். இதைத் திட்டவட்டமாக மறுக்கிறேன். முதலாவதாக, தங்கள் மூட்டை எங்கள் குடும்ப முடிவின்படி வேலிக்கு வெளியே வைக்கப்பட்டது. வெளியே வைத்த பொருளில் பழைய உரிமையாளருக்குப் பாத்தியதை கிடையாது. இரண்டாவதாக, டிரம் எங்கள் மனையில் இருக்கிறது. அனுபோகம் எங்களுடையது. மூன்றாவதாக, அதில் இருந்த தங்கள் கிருமிகளை நான் பினாயில் ஊற்றிக் கொன்றுவிட்டேன் என்று தாங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே இப்போது உள்ளே இருப்பவை எங்கள் கிருமிகள்.

வளைகாப்பு ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் இல்லத்தில். பொங்கலுக்கு வந்த உறவினர்கள் அனைவரும் வருகிறார்கள். தாங்கள் முறைப்படி சீருடன் வரவும். மூட்டை எதுவும் வேண்டாம். உறவினர்கள் முன்னிலையில் தாங்கள் இரண்டு வார்த்தை வருத்தம் சொன்னால் வானதியை அன்றே தங்களுடன் அனுப்ப எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லாவிட்டால் பிரசவம் குடவாசலிலேயே. என் பேரக்குழந்தை என் வீட்டில் பிறப்பதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

அமிர்தலிங்கம்


பூதலூர்
6.5.2025

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் யூடியூப் படத்தைப் பார்த்தேன். நன்றாக நிற்கிறீர்கள். டிரம்முக்குப் பின்னால் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்து வைக்கோலைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த ஆள் அவள் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை. அவளிடம் கேட்டிருந்தால் ரகசியத்தைச் சொல்லியிருப்பாள்.

பாத்தியதை, அனுபோகம் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நான் தாலுகா ஆபீஸுக்கு வரவில்லை. என் பெண்ணை அழைத்துப்போக வருகிறேன். இரண்டு வார்த்தை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டு வார்த்தையோடு நிறுத்தியதாக என்னிடம் படித்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் வருகிறேன். ஐந்து வகைச் சாதத்தோடும், வளையலோடும், மூட்டை இல்லாமலும் வருகிறேன். அவளுக்காகச் சொல்வேன். அந்தச் சொல் என் வாயில் எப்படி வரும் என்பது என் கவலை. அவளைக் கையோடு அனுப்புவது உங்கள் பொறுப்பு.

மங்களாம்பிகை


பூதலூர்
10.6.2025

அமிர்தலிங்கம் அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுத இன்று கை வரவில்லை.

நான் சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். "பொங்கலுக்கு ஒரு தப்பு நடந்துபோச்சு, பெரியவங்க மனசுல வெச்சுக்காதீங்க." இவ்வளவுதான். இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் பெண்ணை அழைத்துக்கொண்டு போவதாகத்தான் இருந்தேன். வளையல் போட்டு, சந்தனம் பூசி, நலங்கு வைத்து, எல்லாம் ஆயிற்று. வாயைத் திறக்கப் போன சமயம் உங்கள் மைத்துனர் தாம்பூலப் பையை எடுத்துவந்து எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தார்.

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய். அதோடு ஒரு பாக்கெட். கறுப்பாக, பொலபொலவென்று. பாக்கெட்டின் மேல் உங்கள் படம். "அமிர்தம் இயற்கை உரம் - குடவாசல்."

குப்பை என்று எனக்கு எழுதியது இந்தக் கை. என் வீட்டுச் சீரில் வந்தால் குப்பை, உங்கள் வீட்டுத் தாம்பூலத்தில் போனால் அமிர்தமா? உங்கள் அக்கா பாக்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்! அதே அக்கா! "தம்பி கை பட்டா மண்ணும் பொன்னுதான்" என்றார். அந்த மண்ணில் ஐந்து மாதம் நின்ற என் பெண் அங்கேயே மணையில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு. அவள் பெயரை ஒருவர் சொல்லவில்லை.

அதற்கு மேல் நான் சொன்னதற்கெல்லாம் நான் பொறுப்பு. பாக்கெட்டைக் கிழித்தது உண்மை. உங்கள் படம் இரண்டாகப் போனது தற்செயல். கூடம் முழுக்கக் கம்போஸ்ட் சிதறியதும், நலங்குத் தட்டில் கொஞ்சம் விழுந்ததும் உண்மை. "திருட்டுப் பொருள்" என்று நான் கத்தியதும், "வேலிக்கு வெளில கெடந்தத எடுத்தா திருட்டா?" என்று நீங்கள் கத்தியதும், வாசலில் நின்றிருந்த சமையல்காரர் வரை கேட்டது. நாம் இரண்டு பேரும் அந்தப் பிள்ளைத்தாய்ச்சி தலைக்கு மேலே, அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, டிரம் யாருடையது என்று எவ்வளவு நேரம் பேசினோம் என்பது எனக்குத் தெரியாது. நடுவில் அவள் ஒரு தடவை, "சண்ட முடிஞ்சா சொல்லுங்க, எனக்குப் பசிக்குது" என்றது மட்டும் காதில் விழுந்தது. அதற்கு நீங்கள், "இரும்மா, மூணாவது பாயிண்ட்டுக்கு வர்றேன்" என்றீர்கள்.

நான் அப்போதே படி இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். உங்கள் உறவினர்களுக்கு இன்னொரு பொங்கல் ஆகியிருக்கும்.

வருத்தம் கிடையாது. இனி எழுத்திலும் கிடையாது, வாயிலும் கிடையாது. என் பெண் எங்கே இருக்க வேண்டும் என்பதை இனி உங்களிடம் கேட்கவும் மாட்டேன்.

மங்களாம்பிகை


குடவாசல்
1.7.2025

மங்களாம்பிகை அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அந்த முடிவு இன்று மறுபரிசீலனை செய்யப்பட்டுக் கைவிடப்படுகிறது.

பாக்கெட் பற்றி. அது விற்பனைக்கல்ல, விழிப்புணர்வுக்கு. படம் போட வேண்டும் என்றவர் அச்சகத்துக்காரர். "மூஞ்சி இருந்தாத்தான் சார் ஒரு மரியாதி" என்றார். அதில் மருமகள் பெயரையும் போட்டிருக்கலாம் என்பதை இப்போது ஒரு யோசனையாக ஏற்கிறேன். இதை வருத்தமாகக் கொள்ள வேண்டாம். சிதறிய உரத்தைப் பெருக்கி எடுத்தபோது ஒன்றேகால் முறம் இருந்தது. சந்தனம் கலந்துவிட்டதால் செடிக்குப் போடலாமா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

டிரம் பற்றி. வானதி இல்லாததால் கிளறச் சொல்ல ஆளில்லை. நான் கிளறினேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதனால் மூடி வைத்திருக்கிறேன். அப்சர் மறுபடியும் எலி பற்றிக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். ஓய்வூதியர் சங்கத்தில் அடுத்த கூட்டத்துக்கு மாதிரி கேட்டிருக்கிறார்கள். இந்த நிலைமைக்கு யார் காரணம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. என்னிடம் சொல்லிக்கொள்ளாமல், உறவினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வானதியைத் தாங்கள் அழைத்துச் சென்றதை நான் ஆட்சேபிக்கவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். ஆத்திரத்தில் நான் போட்ட நிபந்தனையை அந்த வழக்கத்தின் முன் வற்புறுத்த மாட்டேன். மகளை அழைத்துச் சென்றது சரி. என் மகனையும் சேர்த்து அழைத்துச் சென்றது எந்த ஊர் வழக்கம்? அன்று சாயங்காலம் இரண்டு பெட்டியோடு, "நான் அவகூட இருக்கேன்ப்பா" என்று கிளம்பியவன் இன்னும் வீடு திரும்பவில்லை. பூதலூரிலிருந்து தினமும் ரயில் ஏறிக் கும்பகோணம் ஆபீஸுக்கு வந்து போகிறான் போலும். இங்கிருந்தால் பஸ்ஸில் சிறிது தூரம். மாமியார் சமையலுக்காக ஒருவன் இவ்வளவு அலைவானா? அல்லது தாங்கள் அவனையும் டிரம் கிளற வைத்திருக்கிறீர்களா?

இந்த வீடு இப்போது மிகவும் ஒழுங்காக இருக்கிறது. டீத்தூளை நானே தொட்டியில் தட்டுகிறேன். யாரும் கை நீட்டுவதில்லை. மாலதி பேரக்குழந்தைக்காகக் கும்பகோணத்துக் கோயில்களில் வேண்டுதல் வைத்திருக்கிறாள். வாரத்தில் பாதி நாள் தூக்குச்சட்டியோடு கிளம்புகிறாள். பிரசாதம் வாங்கத்தான் என்கிறாள். சட்டி காலியாகத்தான் திரும்பி வருகிறது. கோயில் நிர்வாகங்களைப் பற்றி நான் ஒரு மனு எழுத உத்தேசித்திருக்கிறேன்.

குழந்தை பிறந்தவுடன் முதல் தகவல் எனக்கு வர வேண்டும். தந்தை வழித் தாத்தா என்ற முறையில் அது என் உரிமை. தொலைபேசியில் சொல்லலாம். அந்த ஒரு தகவலுக்கு மட்டும் எழுத்து தேவையில்லை.

அமிர்தலிங்கம்


பூதலூர்
5.7.2025

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது.

வானதி இங்கே இல்லை. மாப்பிள்ளையும் இல்லை. அன்று நான் தனியாகத்தான் பஸ் ஏறினேன். அவள் உங்கள் வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் ஃபோனில் பேசினாள். சாப்பிட்டேன் என்பாள், தூங்கினேன் என்பாள். உங்கள் பெயரை எடுக்கக் கூடாது என்று நானும் எங்கே, யார் என்று கேட்கவில்லை.

நேற்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். கும்பகோணத்தில் வீடு எடுத்திருக்கிறார்கள். சித்திரையிலேயே பேசி முடித்துவிட்டார்களாம். வளைகாப்பு அன்று சாயங்காலம் குடிபோயிருக்கிறார்கள். இரண்டாவது மாடி.

முந்தாநாள், வியாழக்கிழமை காலை பெண் குழந்தை பிறந்ததாம்.

மங்களாம்பிகை